எலும்பு மஜ்ஜை மாற்று: பொருந்தும் ஆளைத் தேடுவதிலிருந்து ஊர் திரும்புவது வரை

"பி பாசிட்டிவ் ரத்தம் உள்ளவர்கள் எலும்பு மஜ்ஜை தர முன்வரவும், அவசரம்" என்ற மாதிரியான செய்தி கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் அவ்வப்போது சுற்றும். அனுப்புகிறவரின் பதற்றம் நியாயமானது. செய்தியில் இருப்பதோ இரண்டு தவறுகள். மஜ்ஜை தருவதற்கு ரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை. முன்வருகிற எல்லோரும் தரவும் முடியாது. பொருந்த வேண்டியது வேறொன்று. அதைச் சொந்தக் குடும்பத்துக்குள் தேடுவதில்தான் முதல் வேலை தொடங்குகிறது.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. "ஆபரேஷன் எப்போது?" என்று உறவினர்கள் கேட்பார்கள். இதில் ஆபரேஷன் கிடையாது. மாற்று நடக்கும் நாளில் நோயாளிக்கு நடப்பது, ஒரு பை ரத்தம் ஏறுவதைப் போன்ற ஒன்றுதான். கடினமானவை அதற்கு முந்தைய ஒரு வாரமும் பிந்தைய ஒரு வருடமும். பணம், ஆள், தங்குமிடம் எல்லாவற்றையும் அந்த ஒரு வருடத்துக்குத் திட்டமிட வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் ஒரு மாதத்துக்குத்தான் திட்டமிட்டுக் கிளம்புகின்றன.

எதை மாற்றுகிறார்கள்

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. இவற்றையெல்லாம் உண்டாக்கும் தாய் அணுக்கள்தான் ரத்த ஸ்டெம் செல்கள். ரத்தப் புற்றுநோயில் இந்த வரிசையில் எங்கோ ஓர் இடத்தில் அணுக்கள் கெட்டுப்போய்ப் பெருகுகின்றன. மஜ்ஜை வறட்சி நோயில், அதாவது ஏபிளாஸ்டிக் அனீமியாவில், தாய் அணுக்களே அழிந்துபோகின்றன.

நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் ஒழித்துவிட்டு, வேறொருவரின் தாய் அணுக்களை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினால், அவை தாமாகவே எலும்புக்குள் போய்த் தங்கிப் பெருகும். அமெரிக்க மருத்துவர் டொன்னல் தாமஸ் 1950களில் தொடங்கிய இந்த முறைக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் முதலில் செய்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் தொடங்கினார்கள்.

புதிய தாய் அணுக்களோடு புதிய நோய் எதிர்ப்பு மண்டலமும் சேர்ந்தே வருகிறது. மருந்துக்குத் தப்பிய புற்று அணுக்களை அது அடையாளம் கண்டு கொல்லும். லுக்கீமியா என்னும் ரத்தப் புற்றுநோயில் இந்த மாற்றின் உண்மையான பலன் அதுதான். அதே படை நோயாளியின் தோலையும் குடலையும் அந்நியமாக நினைத்துத் தாக்கவும் செய்யும். படகு பழையது, ஏறிய ஆட்கள் முழுக்கப் புதியவர்கள். அவர்கள் ஓட்டையை மட்டும் அடைப்பார்களா, நல்ல பலகையையும் பெயர்ப்பார்களா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

யாருக்கு இது தேவை

ரத்தப் புற்றுநோய் என்றாலே மஜ்ஜை மாற்று என்பது உண்மையல்ல.

1. தீவிர மைலாய்டு லுக்கீமியா (ஏ.எம்.எல்.): மரபணுப் பரிசோதனையில் நடுத்தர அல்லது அதிக ஆபத்து என்று வந்தால், கீமோவில் நோய் அடங்கியதும் மாற்று செய்யப் பரிந்துரைப்பார்கள். குறைந்த ஆபத்து வகைக்குக் கீமோவே போதுமானதாக இருக்கலாம்.

2. தீவிர லிம்ஃபோ லுக்கீமியா (ஏ.எல்.எல்.): பெரியவர்களில் அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு, அல்லது நோய் திரும்பியவர்களுக்கு.

3. மஜ்ஜை சரியான அணுக்களை உண்டாக்காத எம்.டி.எஸ்., மஜ்ஜை நாராக இறுகிப்போகும் மைலோஃபைப்ரோசிஸ்: முழுக் குணத்துக்கு இருக்கும் வழி மாற்று மட்டுமே. ஆனால் இந்த நோய்கள் வருவது பெரும்பாலும் அறுபதை ஒட்டி. உடல் தாங்குமா என்பதே முதல் கேள்வி.

4. கடுமையான ஏபிளாஸ்டிக் அனீமியா: நாற்பது வயதுக்குள் இருந்து, முழுதும் பொருந்தும் அண்ணன் தம்பியோ அக்கா தங்கையோ இருந்தால், மாற்றுதான் முதல் சிகிச்சை. தள்ளிப்போடக் கூடாத நோய் இது.

5. நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா (சி.எம்.எல்.): 2001க்குப் பிறகு இமாடினிப் மாத்திரை வந்து நிலைமையை மாற்றிவிட்டது. இன்று மிகச் சிலருக்கே மாற்று தேவை.

6. மஜ்ஜையில் இருக்கும் ஒருவகை வெள்ளையணுவின் புற்றான மல்டிபிள் மைலோமா, நிணநீர்க் கணுப் புற்றுகளான லிம்ஃபோமாக்களில் பெரும்பாலானவை: இவற்றுக்கு மாற்று என்றால் பொதுவாக நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்துவைத்துத் திருப்பி ஏற்றுவது. அதற்குத் தானம் தரும் ஆள் வேண்டாம். அது இதைவிட எளிது, செலவும் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வாரத்தில் வீடு திரும்பினார் என்றால், அவருக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

லுக்கீமியாவில் நோய் அடங்கியிருக்கும்போது மாற்று செய்வதே முறை. மஜ்ஜையில் கெட்ட அணு நிறைய இருக்கும்போது செய்தால், புதிய படை நிலைபெறும் முன்பே நோய் மறுபடி தலைதூக்கிவிடும். அதனால்தான் மருத்துவர்கள் "இன்னும் ஒரு சுற்று கீமோ" என்பார்கள்.

பொருத்தம்: இடதும் வலதுமாக ஒரு கணக்கு

பொருந்த வேண்டியது எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதங்கள். இவற்றின் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. முக்கியமான ஐந்து மரபணுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, மொத்தம் பத்து. அறிக்கையில் 10/10 என்று போட்டிருந்தால் முழுப் பொருத்தம், 5/10 என்றால் பாதிப் பொருத்தம்.

பக்கத்து பக்கத்தில் இருப்பதால் இந்த ஐந்தும் பெரும்பாலும் ஒரே கட்டாகவே பிள்ளைக்குப் போகும். அப்பாவின் இரண்டு கட்டுகளை அ, ஆ என்றும் அம்மாவின் இரண்டை இ, ஈ என்றும் வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு அ-இ, அ-ஈ, ஆ-இ, ஆ-ஈ என்ற நான்கில் ஒன்று வரும். ஆகவே கூடப்பிறந்த ஒருவர் முழுதும் பொருந்த நூற்றுக்கு 25 வாய்ப்பு, பாதி பொருந்த 50, ஒன்றுமே பொருந்தாமல் போக 25.

ஒரே ஒருவர் கூடப்பிறந்திருந்தால் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. இருவர் என்றால் 44, மூவர் என்றால் 58, நால்வர் என்றால் 68. நால்வர் இருந்தும் ஒருவர்கூடப் பொருந்தாத குடும்பங்கள் உண்டு. அதில் யார் குற்றமும் இல்லை. இந்தக் கணக்கு ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களுக்கு மட்டும். தகப்பனுக்கு இரண்டு தாரம் என்றால், மற்றத் தாரத்துப் பிள்ளைகள் அதிகபட்சம் பாதிதான் பொருந்துவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை நம் பக்கத்துத் திருமண வழக்கம் கொஞ்சம் மாற்றுகிறது. அத்தை மகள், தாய்மாமன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டியிருந்தால், கணவனிடமும் மனைவியிடமும் ஒரே கட்டு இருக்க வாய்ப்புண்டு. கணவனிடம் அ-இ, மனைவியிடம் அ-ஈ என்று வையுங்கள். மகன் தாயிடமிருந்து அ-வையும் தகப்பனிடமிருந்து இ-யையும் வாங்கினால், அவன் தகப்பனுக்கு முழுப் பொருத்தம் ஆகிவிடுகிறான். பொதுவாக நடக்காத இது, சொந்தத்தில் கட்டிய வீடுகளில் நடக்கிறது. அதனால் "கூடப்பிறந்தவர்கள் பொருந்தவில்லை" என்றதும் நிறுத்திவிடக் கூடாது. பெற்றோர், பிள்ளைகள், தேவைப்பட்டால் சித்தப்பா, அத்தை, மாமா வழிப் பிள்ளைகள் வரை குடும்ப மரத்தை ஒரு தாளில் எழுதி, யார் யாரைக் கட்டினார்கள் என்பதையும் குறித்து மருத்துவரிடம் கொடுப்பது உருப்படியான வேலை. அந்தத் தாளைப் பார்த்து யாரைச் சோதிக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். ஊரையே சோதித்துப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை.

முழுப் பொருத்தம் கிடைக்காவிட்டால் இரண்டு வழிகள்.

ஒன்று, பதிவேட்டில் இருக்கும் முன்பின் தெரியாத கொடையாளர். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி, பெங்களூருவிலிருந்து இயங்கும் டி.கே.எம்.எஸ். இந்தியா போன்ற அமைப்புகள் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி எடுத்துப் பதிவுசெய்கின்றன. உலகெங்கும் 4 கோடிக்கு மேல் பதிவாகியிருக்கிறார்கள். ஆனால் எச்.எல்.ஏ. வகைகள் இனவழியாக வருபவை. ஐரோப்பியர் நிறைந்த பதிவேட்டில் ராமநாதபுரத்துக்காரருக்குப் பொருத்தம் அரிது. இந்தியர்கள் அதில் மிகக் குறைவு. தேடுதல், அணுக்களை வரவழைத்தல் இரண்டுக்கும் கூடுதல் செலவும் சில மாதங்களும் ஆகும்.

இரண்டாவது, பாதிப் பொருத்தம். தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லோருமே குறைந்தது பாதி பொருந்துவார்கள். ஐம்பது வயது நோயாளிக்கு ஐம்பத்தைந்து வயது அண்ணனைவிட இருபத்தைந்து வயது மகன் நல்ல தேர்வாகிற சந்தர்ப்பங்களும் உண்டு. இளைய அணுக்கள் தெம்பாக ஊன்றும். நோயாளி பல பிள்ளைகள் பெற்ற தாயாக இருந்தால் ஒரு சிக்கல்: கர்ப்பகாலத்தில் பிள்ளையின் எச்.எல்.ஏ.வுக்கு எதிராக அவர் உடலில் எதிர்ப்புரதம் உருவாகியிருக்கலாம். பிள்ளையின் அணுக்கள் வந்ததும் அவற்றை அந்த எதிர்ப்புரதம் அழித்துவிடும். ஆகவே அந்த எதிர்ப்புரதச் சோதனை செய்யாமல் பிள்ளையைக் கொடையாளராக முடிவுசெய்யக் கூடாது.

கூடப்பிறந்தவர் துபாயிலோ மலேசியாவிலோ இருந்தால், பொருத்தம் பார்ப்பதற்காகவே விமானம் ஏறி வர வேண்டாம். இருக்கும் ஊரில் ரத்தம் கொடுத்து எச்.எல்.ஏ. அறிக்கை வாங்கி அனுப்பலாம். இங்கே எந்தெந்த மரபணுக்களை, எந்த நுணுக்கத்தில் பார்க்கச் சொன்னார்கள் என்று எழுதி வாங்கி அனுப்புங்கள். பொருந்தினால் மூன்று வார விடுப்பு கேட்கச் சொல்லலாம். அந்தத் தேதியில் வர முடியாது என்றால், முன்கூட்டியே வந்து தந்த அணுக்களை உறைநிலையில் வைத்திருந்து பிறகு ஏற்றும் வசதியும் உண்டு.

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமிப்பது இதற்கு உதவுமா என்று கேட்பார்கள். குழந்தையின் சொந்த எதிர்காலத்துக்கென்று அப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. மூட்டு வலிக்கும் சர்க்கரைக்கும் ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்கிற விளம்பரங்களுக்கும் இந்தக் கட்டுரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நோய் உறுதியான முதல் வாரத்தில்

இங்கே விடும் பிழைகளை நான்கு மாதம் கழித்துத் திருத்த முடியாது.

1. சொந்தக்காரர் ரத்தம் வேண்டாம். ஹீமோகுளோபின் இறங்கியதும் தம்பிதான் முதலில் கையை நீட்டுவார். மாற்று செய்ய வாய்ப்புள்ள நோயாளிக்கு, முக்கியமாக ஏபிளாஸ்டிக் அனீமியாவில், ரத்த உறவினர் ரத்தம் ஏற்றினால் அவர்களுடைய அடையாளங்களை உடல் எதிரியாகப் பதிந்துவைத்துக்கொள்ளும். பிறகு அதே தம்பியின் ஸ்டெம் செல் வரும்போது நிராகரிக்கும். தம்பி ரத்தம் கொடுக்கட்டும், ரத்த மையத்தில் வேறு யாருக்கோ போகும்படி. நோயாளிக்கு வெளியாள் ரத்தம்.

2. வெள்ளையணு வடிகட்டிய ரத்தம் கேளுங்கள். தேவையில்லாமல் ரத்தம் ஏற்றாதீர்கள்.

3. கதிரியக்கம் காட்டிய ரத்தம். மாற்றுக்குத் தயார்ப்படுத்தும் நாள் முதல் ரத்தமும் தட்டணுவும் கதிரியக்கம் காட்டப்பட்டவையாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள உயிருள்ள வெள்ளையணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்கிக் கொல்லவும் கூடும். இந்தக் கருவி எல்லா ரத்த மையங்களிலும் இருக்காது.

4. பிள்ளைப்பேறு. தயார்ப்படுத்தும் மருந்து பெரும்பாலோரிடம் கருவுறும் திறனைப் போக்கிவிடும். ஆணாக இருந்தால் முதல் கீமோவுக்கு முன்பே விந்தணு உறையவைக்கலாம். ஒன்றிரண்டு நாள் வேலை. பெண்களுக்கு நேரம் அதிகம் பிடிக்கும், லுக்கீமியாவில் பெரும்பாலும் அந்த நேரம் கிடைப்பதில்லை. கூச்சத்தால் யாரும் கேட்பதில்லை, மருத்துவர்களும் சில சமயம் மறந்துவிடுகிறார்கள். நீங்களே கேளுங்கள்.

5. எச்.எல்.ஏ. சோதனையை முதல் கீமோவோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். நோய் அடங்கிய பிறகு தேடத் தொடங்கினால், ஆள் கிடைப்பதற்குள் நோய் திரும்பிவிடலாம்.

கொடுப்பவருக்கு என்ன ஆகும்

"முதுகெலும்பில் ஊசி போட்டு எடுப்பார்கள், இடுப்பு விளங்காது" என்ற பயத்தில் கையெழுத்துப் போடாமல் திரும்பியவர்கள் உண்டு. முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. வழிகள் இரண்டு.

ரத்தத்திலிருந்து எடுப்பது இன்று அதிகம். ஜி-சி.எஸ்.எஃப். என்ற ஊசியைத் தோலுக்கடியில், எடை கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம், நான்கைந்து நாள் போடுவார்கள். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 600 மைக்ரோகிராம், அதாவது 300 அளவுள்ள இரண்டு குப்பி. மஜ்ஜையில் இருக்கும் தாய் அணுக்கள் ரத்தத்துக்கு வந்து சேரும். ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து ரத்தம் கருவிக்குள் போய், ஸ்டெம் செல் பிரிக்கப்பட்டு, மீதி மறு கையில் திரும்பும். நான்கு முதல் ஆறு மணி நேரம். நோயாளியின் எடை கிலோவுக்கு 50 லட்சம் அணு இலக்கு; 60 கிலோ நோயாளிக்கு 30 கோடி. கிலோவுக்கு 20 லட்சத்துக்குக் கீழே போனால் ஊன்றுவது சந்தேகம், மறுநாளும் எடுப்பார்கள்.

அந்த நாட்களில் இடுப்பும் முதுகும் காய்ச்சல் வலி மாதிரி வலிக்கும், பாராசிட்டமால் போதும். கருவியில் இருக்கும்போது உதடும் விரல்நுனியும் மரமரத்தால் உடனே சொல்ல வேண்டும், கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். ஊசியால் மண்ணீரல் தற்காலிகமாக வீங்கும். அரிதாகக் கிழியவும் கூடும் என்பதால், கடலுக்குப் போகிறவர் அந்த நாட்களிலும் அடுத்த ஒன்றிரண்டு வாரமும் வலை இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும். இடது விலாவுக்குக் கீழே அல்லது இடது தோளில் சுரீரென்ற வலி வந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் தேதி அமைந்தால் கொடையாளருக்கு வசதி. ஆனால் தேதியை முடிவுசெய்வது நோய்தான்.

இரண்டாவது வழி, மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சுவது. ஏறக்குறைய ஒரு லிட்டர் வரை எடுப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் வலி இருக்கும். ஏபிளாஸ்டிக் அனீமியாவில் இதையே விரும்புவார்கள். இப்படி எடுத்த அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்குவது குறைவு. இரண்டு வழியிலும் கொடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். ஆண்மை குறையும், ஆயுள் குறையும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

மருத்துவமனையில் நாள் கணக்கு

மாற்று நடக்கும் நாளைப் பூஜ்ஜியம் என்று எண்ணுவார்கள். முந்தையவை கழித்தல், பிந்தையவை கூட்டல்.

கழித்தல் 7 முதல் கழித்தல் 1 வரை தயார்ப்படுத்தும் மருந்து. இளவயதுக்காரருக்கு முழு வலிமை: புசல்ஃபான், சைக்ளோபாஸ்ஃபமைட் போன்றவை, அல்லது உடல் முழுதும் கதிர்வீச்சு. வயதானவருக்கும் இதய, நுரையீரல் பலம் குறைந்தவருக்கும் ஃப்ளூடராபின், மெல்ஃபலான் என்று வலிமை குறைந்த முறை. இதனால்தான் இன்று அறுபதைத் தாண்டியவர்களுக்கும் செய்ய முடிகிறது. இங்கே மருந்தின் வேலை இடம் உண்டாக்குவது. புற்றை ஒழிக்கும் வேலையைப் பெரும்பாலும் புதிய அணுக்களிடம் விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலை, நோய் திரும்பும் வாய்ப்பு சற்றுக் கூடுவது.

பூஜ்ஜியம் நாள்: மார்பில் போட்ட குழாய் வழியாக அணுக்கள் ஏறும். அன்று எல்லோரும் எதிர்பார்க்கும் பரபரப்பு எதுவும் இருக்காது.

கூட்டல் 3, 4: பாதிப் பொருத்த மாற்றில் இந்த இரு நாளும் சைக்ளோபாஸ்ஃபமைட் மறுபடி போடுவார்கள். புதிதாக வந்த படையில் நோயாளியின் உடலைக் கண்டு உடனே பெருகத் தொடங்கும் அணுக்கள்தான் இந்த மருந்துக்கு அதிகம் பலியாகும். அமைதியாக இருக்கும் தாய் அணுக்கள் தப்பிவிடும். பாதிப் பொருத்தம் இன்று பரவலாகியிருப்பது பெரிதும் இந்த உத்தியால்தான்.

கூட்டல் 5 முதல் 15 வரை வெள்ளையணு கிட்டத்தட்டப் பூஜ்ஜியம். வாய் முழுதும் புண், எச்சில் விழுங்க முடியாத வலி, பேதி, காய்ச்சல். மார்ஃபின் வரை தேவைப்படும்.

கூட்டல் 14 முதல் 21 வரை வெள்ளையணு தலைகாட்டும். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு தொடர்ந்து மூன்று நாள் 500க்கு மேல் நின்றால் அணுக்கள் ஊன்றிவிட்டன என்று பொருள். பாதிப் பொருத்தத்திலும், மஜ்ஜையாக எடுத்ததிலும் இன்னும் சில நாள் பிந்தும். முப்பதாம் நாள் வாக்கில், ரத்தத்தில் எத்தனை பங்கு கொடையாளருடையது என்று பார்ப்பார்கள்.

ரத்தப் பிரிவு வேறாக இருந்தால், சில மாதங்களில் நோயாளியின் பிரிவு கொடையாளருடையதாக மாறிவிடும். பழைய ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் பிரிவை நம்பி யாரும் ரத்தம் ஏற்றிவிடக் கூடாது.

எங்கே தவறிப்போகிறது

தொற்று. முதல் மாதத்தில் உயிரை எடுப்பது பெரும்பாலும் இதுதான். நம் மருத்துவமனைகளில் சாதாரண ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத குடல் கிருமிகள் ஒரு பெரிய தலைவலி. அடுத்த கட்டத்தில் பூஞ்சையும், நோயாளியின் உடலிலேயே உறங்கிக்கொண்டிருந்த சி.எம்.வி. வைரஸும் வரும். மணலில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்கள் உடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு பல வருடம் சத்தமின்றி இருக்கக்கூடும். எதிர்ப்புச் சக்தி விழுந்ததும் உடல் முழுதும் பரவும். மாற்றுக்கு முன்பே மாத்திரை கொடுத்து அழித்துவிடலாம். கடற்கரைக்காரர் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பழைய காசநோய், மஞ்சள்காமாலை பி வகை இருந்ததையும் மறைக்காதீர்கள்.

ஒட்டு எதிர்வினை. மருத்துவமனையில் ஜி.வி.எச்.டி. என்பார்கள். கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் உடலைத் தாக்குவது. ஓரளவுக்காவது வருவது மூன்றில் ஒருவருக்கு முதல் பாதிப் பேர் வரை. முதல் நூறு நாளில் வருவது மூன்று இடங்களில்: தோல் (உள்ளங்கை, உள்ளங்கால், காதுக்குப் பின்னால் சிவப்பு), குடல் (நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர்ப் பேதி, அளவு பார்த்து எழுதிவைக்க வேண்டும்), கல்லீரல் (மஞ்சள்). ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. கேட்காவிட்டால் ரக்ஸோலிடினிப் போன்றவை. பிறகு வருகிற நாள்பட்ட வகை கண்ணையும் வாயையும் வறளவைக்கும், தோலை இறுக்கும், நுரையீரலைச் சுருக்கும். படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் "பலவீனம்" என்று விட்டுவிடக் கூடாது. லேசான எதிர்வினை ஒருவகையில் நல்லதும்கூட. நோயோடும் அதே படை சண்டையிடுகிறது என்று அர்த்தம்.

இதைத் தடுக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் மாத்திரைதான் வீட்டில் அதிகம் பிழை நடக்கும் இடம். மருந்தின் அளவை ரத்தத்தில் சோதிக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல், கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ரத்தம் எடுத்த பிறகே விழுங்க வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு ஏறித் தெரியும், மருத்துவர் மாத்திரையைக் குறைத்துவிடுவார், எதிர்வினை வரும். பம்பளிமாஸ் பழம் கூடாது, அது மருந்தின் அளவை ஏற்றிவிடும். பூஞ்சை மருந்தைத் தானாக நிறுத்தினால் அளவு இறங்கும். காசநோய் மாத்திரையும் இறக்கும். நாட்டு மருந்து எதையும் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

அணு ஊன்றாமல் போவதும், கல்லீரலின் சிறு ரத்தக்குழாய்கள் அடைபட்டு எடை திடீரென ஏறி வயிறு வீங்குவதும் அரிது, ஆனால் கடுமையானவை. தினமும் இருவேளை எடை பார்ப்பது இதற்காகத்தான்.

நூறு நாளும் ஊர் திரும்புவதும்

வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவமனையில் சொன்னால், பாம்பனுக்குப் போகலாம் என்று பொருளல்ல. நூறு நாள் வரை மருத்துவமனைக்கு அரை மணி தூரத்தில், ஒரு பராமரிப்பாளரோடு தங்க வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை பரிசோதனை இருக்கும். வெப்பமானி 38 டிகிரி, அதாவது 100.4 காட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

நூறு நாளுக்குப் பிறகு ஊருக்கு வரும்போது, மாற்று செய்த மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிவந்து, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு மருத்துவரை முன்பே பார்த்துக் கொடுத்துவைப்பது நல்லது. அதில் இருக்க வேண்டியவை: மாற்றுத் தேதி, இப்போதைய ரத்தப் பிரிவு, காய்ச்சல் என்றால் முதல் ஊசி எது, கதிரியக்கம் காட்டாத ரத்தம் ஏற்றக் கூடாது, பேச வேண்டிய தொலைபேசி எண். ஊர் கிளினிக்கில் காய்ச்சலுக்கு ஓர் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் பார்ப்போம் என்று இருப்பது மிக ஆபத்தானது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை நம் கரைக்கே உரியவை.

தண்ணீர்: காவிரிக் குழாய், ஊரணி, லாரி, கேன் எதுவானாலும் கொதிக்கவைத்து ஆறியதுதான். கேன் தண்ணீர் சுத்தம் என்று நம்ப வேண்டாம்.

சாப்பாடு: அன்றே பிடித்த மீனை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், புரதத்துக்கு அதைவிட நல்லது இல்லை. கருவாடு, பழைய சோறு, காய்ச்சாத பால், பதநீர், கடையில் வெட்டிவைத்த பழம் கூடாது. நோயாளி மீன் ஆயக் கூடாது. செதிலும் முள்ளும் கீறிய இடத்தில் கடல்நீர்க் கிருமி புகுந்தால் ஒரே நாளில் கால் கை போகும் அளவுக்கு வளரும். இதே காரணத்தால் கடலில் இறங்குவதும் கூடாது.

வீடு: ஓலைக் கொட்டகை, மழைக்காலத்தில் பூத்த சுவர், இடித்துக் கட்டும் வேலை, கருவேலங் கரிமூட்டப் புகை ஆகியவற்றில் பூஞ்சை வித்தோ நுரையீரலுக்குக் கேடோ இருக்கிறது. வெள்ளையடிப்பது, கூரை மாற்றுவதையெல்லாம் நோயாளி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திரும்புவதாக இருந்தால் காய்ந்த அறை ஒன்றைத் தயார்செய்யுங்கள்.

வெயில்: தோலில் அடங்கியிருக்கும் எதிர்வினையைக் கடற்கரை வெயில் கிளப்பிவிடும். முழுக்கைச் சட்டை, தொப்பி, காலை பத்து முதல் நான்கு வரை வெளியே போகாமை.

நேர்த்திக்கடன்: பிழைத்து வந்ததும் ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் அக்னி தீர்த்தத்திலும் நீராடுவது, மொட்டை போடுவது, ஏர்வாடி தர்காக் கூட்டத்தில் தங்குவது என்று வேண்டியிருப்பார்கள். மருத்துவர் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை நிறுத்தி, சரி என்று சொல்லும் வரை தள்ளிவையுங்கள். குடும்பத்தில் வேறொருவர் நிறைவேற்றலாம்.

வீட்டில் கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து போட்டால், நான்கு முதல் ஆறு வாரம் அதன் மலத்தை நோயாளி கையாளக் கூடாது. நோயாளிக்குக் குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் பலன் போய்விட்டிருக்கும். ஆறாம் மாதம் முதல் மறுபடி தொடங்குவார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள ஊசிகள் இரண்டு வருடம் கழித்து, எதிர்வினை இல்லாவிட்டால்.

பணம்

தனியார் மருத்துவமனையில் பத்து லட்சத்தைத் தாண்டும். பாதிப் பொருத்தத்திலும் வெளிக் கொடையாளரிலும் அதைவிடக் கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. மஜ்ஜை மாற்று போன்ற பெரிய சிகிச்சைக்குத் தனி நிதியும் இருக்கிறது. மருத்துவமனை அந்தச் சிகிச்சைக்கென்றே அங்கீகாரம் பெற்றதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். புற்றுநோயாளிக்கும் துணைக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் படிவம் வாங்க வேண்டும்.

திட்டமிடாத செலவுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது: நூறு நாள் வாடகை, பராமரிப்பாளரின் இழந்த கூலி, பூஞ்சை மற்றும் சி.எம்.வி. மருந்து, மறுபடி சேர்க்கை. மருத்துவமனை சொல்லும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்க முடியாவிட்டால், அதை மாற்றுக்கு முன்பே சமூகப் பணியாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. மாத்திரைக்குக் காசில்லாமல் சைக்ளோஸ்போரினைப் பாதியாக்கி விழுங்குவதைவிட அது மேல்.

நோய் திரும்பினால்

லுக்கீமியா திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில். முன்பே பிடிபட்டால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை விரைந்து குறைத்துப் புதிய படையை அவிழ்த்துவிடுவார்கள். அடுத்து, அதே கொடையாளரின் வெள்ளையணுக்களை மட்டும் சிறு அளவில் எடுத்து ஏற்றுவார்கள். இதற்கு ஜி-சி.எஸ்.எஃப். ஊசியும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம். சில மணி நேர வேலை. ஆனால் ஆள் வேண்டும். ஆகவே முதல் முறை கொடுத்த உடன்பிறப்பின் எண், அவர் இப்போது எந்த நாட்டில், எப்போது விடுப்பு கிடைக்கும் என்பதை நோயாளியின் கோப்பிலேயே எழுதிவைத்து, எண் மாறும்போதெல்லாம் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.